பனியாண்டி குதிக்க வேண்டாம்

தம்பி,

உன் நாவலின் இரண்டாம் பாகத்துக்கு நீ அனுப்பிய கடைசி அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மேசையில் கிடக்கிறது. அச்செடுத்து, ஓரத்தில் துளையிட்டு, நாடா கோத்து வைத்திருக்கிறேன். போன் திரையில் பிழை பார்க்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன், மறுபடி மூடுகிறேன். இதுவரை ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, பரீட்சைத் தாள முன்னால வச்சுக்கிட்டு முழிக்கிற பையன் மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. வழக்கம்போலச் சுத்தமாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அத்தியாயத்தின் முடிவில் பனியாண்டி குன்றின் உச்சிக்குப் போய், எல்லாரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கீழே குதித்துவிடுகிறார். அவர் குதிக்கக் கூடாது என்று எனக்குப் படுகிறது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான். இந்த நேரத்தில் ஓர் அப்பா எழுதும் கடிதத்தில் சிக்கனம், பொறுமை, மாமனார் வீட்டில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் இருக்க வேண்டும். அப்படி ஒன்று எழுதியும் பார்த்தேன். வாசித்தபோது ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் பரிசளிப்பு விழாவில் பேசுவதுபோல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்ல எனக்கு இருப்பதெல்லாம் ஒரு மந்திரவாதியைப் பற்றித்தான் என்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். இதை நீ நந்தினிக்கு வாசித்துக் காட்டலாம், அவளுடைய அம்மாவுக்கும் காட்டலாம். மறைத்து வைக்கும் கடிதமாக இதை நான் எழுதவில்லை.

உன் முதல் பாகத்தை வாசிக்காத ஒருவர் இதைக் கேட்க நேர்ந்தால் திண்டாடக் கூடாது. ஆகவே கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தில் வழக்கின் விவரத்தை வாசித்துவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுவதைப் பார்த்தே எனக்குப் பழக்கம். பனியாண்டி ஒரு மலையூரின் மந்திரவாதி. பகைவர்கள் மலையேறி வரும்போது மூடுபனியை இறக்கி ஊரை மறைத்துவிடுவார். ஒவ்வொரு முறை பனி இறங்கும்போதும் ஊரில் யாரோ ஒருவர் தம் நினைவில் ஒன்றை இழக்க வேண்டும். யாருடையதை எடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். ஊருக்கு இது தெரியாது. பெரும்படை வந்த நாளில் அவர் தம் மனைவி மருதியின் நினைவிலிருந்து, அவளுடைய அம்மா பாடிய பாட்டை எடுத்துவிடுகிறார். ஊர் தப்பிவிடுகிறது. மறுநாள் மருதி உரலில் மாவு இடிக்கிறாள். எப்போதும் முனகிக்கொண்டே இடிப்பவள் இன்று வாய் மூடி இடிக்கிறாள். நடுவில் ஒரு தடவை உலக்கையை நிறுத்திவிட்டு, எதையோ வைத்த இடத்தை மறந்தவள்போலச் சுற்றிப் பார்க்கிறாள். பனியாண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. முதல் பாகம் அங்கே முடிகிறது. அந்தப் பக்கத்தில் நான் திருத்தியது ஒரேயொரு ஒற்றெழுத்து.

மந்திரவாதிகளோடு எனக்கு உறவு ஏற்பட்ட கதை உனக்குத் தெரியாது. பதின்மூன்று பதினான்கு வயதில் நீ தலையணைபோல் தடித்த ஆங்கிலப் புத்தகங்களை நூலகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருவாய். அட்டையில் பறவைநாகமும் எரிகிற கோபுரமும் இருக்கும். எனக்கு அப்போது பெரிய பயம். விடுமுறை நாளில் நீ கிரிக்கெட் விளையாடப் போனதும், கெட்ட விஷயம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் எடுத்தேன். ஒழுங்காகப் பார்க்க வேண்டுமே என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அதுதான் தவறாகப் போயிற்று. அடுத்த பாகம் எப்போது வரும் என்று உன்னிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் "நூலகப் புத்தகத்த இவ்வளவு நாள் வச்சிருக்கிறது ஒழுங்கில்ல, போய் மாத்திட்டு வா" என்று உன்னை விரட்டுவேன். நீ என்னைக் கண்டிப்பான அப்பா என்று நினைத்திருப்பாய். அந்த இளவரசி கோட்டைக்குள் போனாளா இல்லையா என்ற கவலையில்தான் நான் உன்னை பஸ் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகங்களில் வெள்ளைத் தாடிக்கார மந்திரவாதி ஒருவர் எப்படியும் இருப்பார். எது நடந்தாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும், அவர் சொன்னதே சரியாகவும் இருக்கும். மரியாதைக்குரியவர்தான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடிக்க முடியாது. கறுப்பு அங்கிக்காரர் இன்னொரு பக்கம் சிரித்துக்கொண்டே இருப்பார். அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கொழுகினால் யார் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. இவர்கள் இருவரையும் தாண்டி, எப்போதாவது ஒருவர் வருவார். நல்லதற்காக ஒரு காரியம் செய்வார், அது முழுவதும் நல்லதாக இருக்காது. அவரை மன்னிக்கலாம் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால் கோபம் வரும். கோபப்படலாம் என்று நினைத்தால் அவர் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். அந்த ஆளுக்காகத்தான் நான் அந்தத் தடித்த புத்தகங்களை வாசித்தேன். வாளேந்தியவனை வைத்து இப்படிக் கதை எழுத முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. வாள்காரன் எதிரே நிற்பவனைத்தான் வெட்ட முடியும். வெட்டுப்பட்டவனுக்கு யார் வெட்டியது என்று தெரியும். மந்திரவாதி ஓர் அறைக்குள் இருந்துகொண்டு இன்னொருவருடைய வாழ்க்கையை மாற்றிவிடுவார். மாறியது அந்த இன்னொருவருக்கே தெரியாது. தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று இருவர் ஒரே வீட்டில் இருந்து சோறு உண்பதுதான் இந்தக் கதைகளின் கஷ்டமான இடம். உன் பனியாண்டியை நீ சரியாக அந்த இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய்.

நம் வீட்டிலும் மந்திரவாதி வேலை நடந்திருக்கிறது. சின்ன வயதில் உனக்குக் கசப்பு மாத்திரை இறங்காது. நான் வாழைப்பழத்தைப் பக்குவமாகக் கீறி, மாத்திரையை உள்ளே வைத்து, தோலை மூடி, ஒன்றும் அறியாதவன்போல உன்னிடம் நீட்டினேன். நீ தின்றாய், காய்ச்சல் விட்டது, நானும் என் சாமர்த்தியத்தை உன் அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அடுத்த முறை நீ மென்றுவிட்டாய். இன்றைக்கும், முப்பது வயதில், வாழைப்பழத்தை இரண்டாகப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாய். நிச்சயதார்த்தத்தன்று நந்தினி வீட்டில் நீ அப்படிச் செய்ததைப் பார்த்து அவளுடைய சித்தப்பா, "மாப்பிள்ளை பழத்துல புழு தேடுறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். புழு இல்லை, அப்பாவைத்தான் தேடுகிறான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த நிச்சயதார்த்தத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது. கட்டுகஸ்தோட்டையில் அவர்களுடைய பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் தட்டு மாற்றி முடிந்திருந்தது. சம்பந்தியம்மா வெற்றிலைத் தட்டோடு உன் முன்னால் வந்து நின்றார். "மாப்பிள்ளை, ஒங்க பொஸ்தகத்தப் படிச்சேன்" என்றார். நீ பல்லெல்லாம் தெரிய, "எப்படி இருந்திச்சு அத்தை?" என்று கேட்டாய். அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்தாளு செஞ்சது சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். கூடத்தில் எல்லாரும் உன்னையே பார்த்தார்கள். நான் அவசரமாக எழுந்து, "சாப்பாடு ஆறுது, உக்காருவமா?" என்றேன். சாப்பாடு அப்போது அடுப்பில்தான் இருந்தது.

குண்டசாலையில் நம் வீட்டுக்குத் திரும்பும்போது வேனுக்குள் உன் அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள். "அந்தம்மா கோயில் கொளம்னு இருக்கிறவங்க. மந்திரம் மாயம்னா பிடிக்காதுதான. அந்தாளுக்கு ஒரு தண்டனையக் குடுத்து முடிச்சிடு தம்பி. கதைதான, மனுசங்கதான் முக்கியம்." நீ பின் இருக்கையிலிருந்து, "சரிம்மா, குன்றுலருந்து குதிக்க வச்சிடுறேன்" என்றாய். வேனில் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், எல்லாரும் சிரிக்கும்போது சிரித்துவிடுவது எனக்குப் பாதுகாப்பு. ஆனால் மனதுக்குள் ஒரு முள் தைத்தது. அந்த அம்மா சொன்னது மூன்றே மூன்று சொல். அதற்குப் பொருள் இதுதான் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். என் தொழிலில் அதைச் செய்தால் வேலை போய்விடும்.

என் தொழிலைப் பற்றி வீட்டில் நான் அதிகம் பேசியதில்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரை முதலியார் என்று கூப்பிடுவது பழைய வழக்கம். கண்டியில் நீதிமன்றப் படியேறிய தமிழாட்கள் பலருக்கு நான் முதலியார் ஐயா. சாட்சி தமிழில் சொல்வதை நான் நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். 'நான் திருடினேன்' என்று ஒருவர் சொன்னால் நானும் 'நான் திருடினேன்' என்றுதான் சொல்ல வேண்டும்; 'இவர் திருடினாராம்' என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. காலையில் நான் திருடன், மத்தியானம் திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரி, பின்னேரம் பிடித்த பொலிஸ்காரர். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. என்னைப்போலப் பயந்த சுபாவக்காரனுக்கு அது நல்ல வேலை, சொந்தமாக எதையும் சொல்ல வேண்டியதில்லை பார். ஆனால் இத்தனை பேருடைய 'நான்' என் வாய் வழியாகப் போனதில் ஒன்றைக் கவனித்தேன். எவரும் தம்மைக் கெட்டவர் என்று நினைத்துப் பேசவில்லை. எவரிடமும் ஒரு காரணம் இருந்தது. பாதிப் பேருடைய காரணம் நல்ல காரணமாகவும் இருந்தது.

அந்தக் காலத்தில் பலாமர வழக்கு ஒன்று வந்தது. வயதான ஓர் அம்மாவின் பலாமரத்தை, அவர் ஊருக்குப் போயிருந்த சமயத்தில், பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிவிட்டார். காற்றடித்தால் மரம் அந்த அம்மாவின் கூரையில்தான் விழும், அவருடைய நல்லதற்காகத்தான் வெட்டினேன் என்பது அவர் பக்கம். பொய்யும் இல்லை, மரம் சாய்ந்துதான் இருந்திருக்கிறது. விசாரணைக்கு முன்னாலேயே அந்த மனிதர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். எதிராளி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று நான் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை. "அப்ப நான் யார்கிட்டங்கய்யா கேக்கிறது?" என்றார். நீதவான் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை நான் சிங்களத்தில் சொன்னேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

உன் பனியாண்டி குன்றின் விளிம்பில் கால் வைக்கும் இடத்தை வாசித்தபோது எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வந்தது. அவர் குதித்துவிட்டால் ஊர் அழும், வாசகர்கள் பாவம் என்பார்கள், கணக்கு நேராகிவிட்டதுபோல இருக்கும். மருதி மட்டும் உரலடியில் நின்றுகொண்டே இருப்பாள்.

ஆனால் இதை உனக்கு எழுதுவதற்கு முன், சம்பந்தியம்மா சொன்னதன் பொருள் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சாட்சி சொன்னது தெளிவில்லை என்றால், அனுமதி கேட்டுத் திரும்பக் கேட்பதுதான் முறை. உன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "வேணாங்க. கல்யாண நேரத்துல போய்க் கதையப் பத்திப் பேசி எதையாவது கெளறி விட்டுறாதீங்க. நீங்க பேசப் போனா வெளங்காதது இன்னும் வெளங்காமப் போயிரும்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே வியாழக்கிழமை காலையில், நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உன் முதல் பாகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

கடையைத் தாண்டி நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டினேன். உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவே வெளியே வந்துவிட்டார். "என்னண்ணே, கடையத் தாண்டித் தாண்டிப் போறீங்க? கல்யாணத்துல ஏதும் கோளாறா?" அவர் முகம் வெளுத்திருந்தது. "இல்லம்மா, இல்ல. நான் பனியாண்டி விஷயமா வந்தேன்" என்றேன். அவர் ஒரு நிமிடம் விளங்காமல் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்தாளுக்காகவா பஸ் ஏறி வந்தீங்க? ஏங்க, இங்க பாருங்க, சம்பந்தி வந்திருக்காரு, மந்திரவாதிக்கு ஜாமீன் எடுக்க." பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த நந்தினியின் அப்பா தராசைவிட்டு எழுந்து, எனக்கு உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோம்.

சுற்றிவளைக்க எனக்குத் தெரியாததால் புத்தகத்தைத் திறந்து அந்தக் கடைசிப் பக்கத்தையே வாசித்தேன். பனியாண்டி மனதுக்குள் பேசும் இடம்: "ஊரின் கதவுகள் எல்லாம் உடையவிருந்தன. நான் ஒரு பாட்டை மட்டும்தான் எடுத்தேன். வேறொருவர் வீட்டிலிருந்து எடுத்திருந்தால் நான் திருடன். என் வீட்டிலிருந்து எடுத்தேன்." சம்பந்தியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "வீடு அவருதுதான். பாட்டு அவருதா?" என்று கேட்டார். இங்கேதான் எனக்கு அந்தப் பழைய பழக்கம் வந்து தொலைந்தது. கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்ல வேண்டிய பனியாண்டி தமிழ் தெரியாதவர்போலக் கதையின் வாசலில் நிற்கிறார்; நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "நான் அதை யோசிக்கவில்லை. பகைவர்கள் மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்" என்றேன். அது அத்தியாயத்தில் இருக்கும் வரிதான், நான் கூட்டவில்லை. ஆனால் என் குரலில், 'நான்' என்று வந்துவிட்டது. அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சரிங்க பனியாண்டி. ஊரு தப்பிச்சது, சந்தோசம். நானும் அந்த ஊர்ல இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன். மறுநாள் அந்தம்மா ஒலக்கைய நிறுத்திட்டு முழிச்சாங்களே, அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னால் அவள் வருந்துவாள்" என்றேன். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது.

"வருந்தட்டுமே. அது அவங்க வருத்தம்தான? அதையும் ஏன் நீங்களே எடுத்து வச்சுக்கிட்டீங்க?"

புத்தகத்தைப் புரட்டினேன். முன்னும் பின்னும் பார்த்தேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை தம்பி. எழுதாததை நான் சொல்ல முடியாது. "சாட்சி பதில் சொல்லவில்லை" என்றேன். அவர் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டேன். "மாப்பிள்ளைக்குச் சொல்லுங்க, நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க, நந்தினிக்கு நானே இன்னைக்குச் சொல்லிருவேன்" என்றார். நந்தினி பிறந்து அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். பச்சை உடம்புக்காரி, சொன்னால் தாங்கமாட்டாள், பால் வற்றிப்போகும் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் சிரித்த முகத்தோடு வந்து, பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். கருமாதி முடிந்த பிறகுதான் சொன்னார்கள். "நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். யார்மேலயும் கோவம் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி ஜன்னல்லருந்து பார்த்தா ஹந்தானை மலை தெரியும்ணே. அப்பா அங்க இருக்காரு, பேத்தியப் பார்க்க வருவாருன்னு நான் தெனமும் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்ப என்னச் சுத்தி இருந்த அத்தன பேருக்கும் தெரியும். அதத்தான் சரியில்லன்னு சொன்னேன். ஒங்க புள்ள எழுதினது சரியில்லன்னு சொல்லல. அவரு எழுதினது ரொம்பச் சரி. எங்கருந்து எடுத்தாருன்னுதான் எனக்குத் தெரியல."

நந்தினியின் அப்பா தராசுத் தட்டைக் கையில் வைத்தபடியே நின்றிருந்தார். "நீ இதக் கேப்பேன்னு நான் இவ்வளவு காலமா பயந்துகிட்டு இருந்தேன்" என்றார்.

"நீங்களா சொல்வீங்கன்னு நான் இருந்தேன்" என்றார் சம்பந்தியம்மா.

"இப்ப கேளேன்."

"இப்பவா? சம்பந்திய வச்சுக்கிட்டா?"

"அக்கா, பருப்பு அரைக் கிலோ கேட்டு எவ்வளவு நேரம்" என்று கடை வாசலிலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். மூன்று பேரும் ஒன்றாகத் திடுக்கிட்டோம். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்தா வாறேன், பருப்பு எங்கயும் ஓடிறாது" என்று எழுந்துபோனார். நான் விடைபெறும்போது அவர்கள் இருவரும் கல்லாவுக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை சம்பந்தியம்மா அழுததும் தெரிந்தது, உடனே இருவரும் சிரித்ததும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அது முதலியார் தேவைப்படாத இடம்.

நான் படியிறங்கியபோது சம்பந்தியம்மா கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்கண்ணே, அந்தாளு சாகவும் வேணாம், திருந்தவும் வேணாம். சாகிறது லேசு. வீட்டுக்குள்ள வந்து சாப்பிட ஒக்காரட்டும். அந்தம்மா கேக்கட்டும். அவரு என்ன சொல்றாருன்னு தெரியாம நான் கல்யாணப் பந்தல் போட ஆள் சொல்ல மாட்டேன்."

ஆகவே, தம்பி, நீ எழுதியதை நான் பிழை திருத்தாமல் திருப்பி அனுப்புகிறேன். பனியாண்டியைக் குன்றிலிருந்து இறக்கி வீட்டுக்கு அழைத்து வா. வருகிற வழியில் அவரை நல்லவராக்கிவிடாதே. ஏதோ பேய் பிடித்துத்தான் அப்படிச் செய்தார் என்றோ, சின்ன வயதில் அவரை யாரோ அடித்தார்கள் என்றோ ஒரு சாக்கையும் கையில் கொடுத்துவிடாதே. அவர் எடுத்த பாட்டால் ஊர் பிழைத்ததும் உண்மை, அந்தப் பாட்டு அவருடையது அல்ல என்பதும் உண்மை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் அவர் வாசற்படி ஏற வேண்டும். மருதி என்ன கேட்பாள், அவள் அவரை வீட்டில் வைத்துக்கொள்வாளா அல்லது கதவைச் சாத்துவாளா, அதை நான் சொல்ல மாட்டேன். சாட்சி வாய் திறக்கும் முன்பே பதிலை ஊகித்து வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் கெட்ட மொழிபெயர்ப்பாளர். கதாசிரியருக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன், உறுதியில்லை.

கல்யாணப் புத்திமதி என்று நீ எதிர்பார்த்தால் அதுவும் இதற்குள்தான் இருக்கிறது, தனியாக ஒன்று எழுத எனக்கு வராது. நீ கெட்டவன் இல்லை. உன்னிடமிருந்து நந்தினிக்குக் கெட்டது எதுவும் வராது. எனக்குப் பயம் நீ அவளுக்குச் செய்யப்போகும் நல்லதுகளைப் பற்றித்தான். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நீ ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்யும் நாள் வரும், எல்லாருக்கும் வருகிறது. அன்றைக்கு எழுந்து போய் அவளிடமே கேட்டுவிடு. கேட்க நேரமில்லாமல் செய்துவிட்டாய் என்றால், அவள் உலக்கையை நிறுத்தும்போதாவது சொல்லிவிடு. பால் வற்றிவிடாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா வந்து கதவில் சாய்ந்து நிற்கிறாள். சம்பந்தியம்மாவிடமிருந்து இப்போதுதான் போன் வந்ததாம். "வியாழக்கிழமை நூலகத்துக்குப் போனேன்னு சொன்னீங்க" என்கிறாள். குரலில் கோபம் இருக்கிறதா, சிரிப்பு இருக்கிறதா என்று பிரித்தறிய முடியவில்லை, இத்தனை வருடம் கேட்ட குரல்தான். புத்தகத்தோடுதான் போனேன், ஆகவே அது ஒரு வகையில் நூலகம் என்று ஒரு பதில் நாக்கில் தயாராக இருக்கிறது. அதைச் சொல்லப் போவதில்லை.

அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள். நான் எழுந்து போய்ப் பதில் சொல்ல வேண்டும். பேனாவை மூடுகிறேன்.

அப்பா